அக்கா தண்ணீர் கேட்ட ஐந்து நாட்கள்

உடம்பில் முக்கால்வாசி எரிந்துபோன ஒருவர் முதல் நாள் நன்றாகக் கதைப்பார் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அக்கா கதைத்துக்கொண்டே இருந்தாள். உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் வாழை இலை விரித்து அவளைக் கிடத்தி, மேலேயும் இலையால் மூடிக் கொண்டுபோனபோது, கோழிக்கூட்டைத் திறந்துவிட்டீர்களா என்று கேட்டாள். அடுப்பில் இருந்த சோற்றை யார் இறக்கியது என்று கேட்டாள். பெட்டியின் பலகையைப் பிடித்துக்கொண்டு நான் அழுவதைப் பார்த்துவிட்டு அத்தானிடம் சொன்னாள்.

“ஏ.எல். படிச்சவர இஞ்ச பாருங்க. மூக்கு ஒழுகுது.”

அத்தான் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். இப்படிப் பகிடி விடுகிற ஒருத்தி சாகமாட்டாள் என்று நினைத்தேன்.

நாங்கள் வாவியின் மேற்குக் கரை ஆட்கள். வவுணதீவையும் தாண்டி உள்ளே, வயல் வட்டைகளுக்கு நடுவே எங்கள் ஊர். அந்த ஆண்டுகளில் எங்கள் கரை இயக்கத்திடமும், அக்கரையில் நகரம் இராணுவத்திடமும் இருந்தன. இடையில் பாலம், பாலத்தடியில் சோதனைச்சாவடி. மண்ணெண்ணெய் அளந்துதான் வரும். பெற்றோல் வராது. நெருப்புப் பெட்டிகூடச் சில மாதங்களில் கைக்கு எட்டாது. அதனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒரு பழக்கம் பழகியிருந்தார்கள். போத்தல் விளக்கில் எண்ணெய் குறைந்தால் அதை நூர்ப்பதில்லை. எரிய எரியவே திரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்ணெண்ணெயை ஊற்றிவிடுவார்கள். ஒரு குச்சி மிச்சம். மண்ணெண்ணெய் சட்டென்று பற்றாது. ஆகவே யாருக்கும் எதுவும் நடந்ததில்லை.

வட்டைக்குள் தண்ணீர் இறைக்கிற மெசின் மண்ணெண்ணெயில் ஓடும், ஆனால் தொடக்கி விடுவதற்குக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். அத்தான் எங்கேயோ அலைந்து அரைப் போத்தல் கொண்டுவந்து, மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். சொல்லிவிட்டுப் போகவில்லை. பொழுது பட்ட நேரம். எரிகிற விளக்குக்கு ஊற்ற அக்கா எடுத்தது பெற்றோல் போத்தலை. மணத்தில் தெரியவில்லையா என்று பிறகு பலர் கேட்டார்கள். அவளுக்குத் தடிமன், மூக்கு அடைத்திருந்தது. அவ்வளவுதான்.

பொழுது பட்டால் பாலம் திறக்காது. விடியும்வரை வீட்டில் கிடந்தாள். கேட்டபோதெல்லாம் அம்மா தண்ணீர் கொடுத்தார், இளநீர் கொடுத்தார். காலையில் சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் பெட்டிக்குள் ஏறி, வாழை இலையின் ஒரு நுனியைத் தூக்கிப் பார்த்தான். பிறகு அதைப் பக்குவமாக மூடிவிட்டு இறங்கி, வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற எல்லோரையும் விலகச் சொன்னான். அவனுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். அந்த இலையை மூடிய விதத்தைப் பார்த்தாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

நகரத்து ஆஸ்பத்திரியில் அவளை நேராக அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். ஆறு கட்டில்கள். எங்களுக்குக் கிடைத்தது யன்னல் பக்கத்துக் கட்டில். துணி உடம்பில் படாமல் இருக்கக் கட்டிலுக்குமேல் வளைந்த கம்பிச் சட்டம் வைத்து, அதன்மேல் நுளம்பு வலை போட்டார்கள். காயமெல்லாம் வெள்ளைக் களிம்பு. முகத்தில் கண்களும் வாயும் தப்பியிருந்தன.

“வலைக்குள்ள கிடக்கன் தம்பி. நான் என்ன கெளுத்தியா?” என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் சத்தி எடுத்தாள். இரவு முழுக்கக் குடித்த தண்ணீரும் இளநீரும் அப்படியே வந்தன. அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான தாதி, எல்லோருக்கும் மிஸ்ஸி, ஓடிவந்து அக்காவின் தலையைச் சரித்துப் பிடித்தார். களுவாஞ்சிக்குடிப் பக்கத்துக்காரர், என் அம்மாவைவிடக் கொஞ்சம் இளையவர். எல்லாம் துடைத்த பிறகு ஒரு மட்டையைக் கொண்டுவந்து கட்டிலின் தலைமாட்டில் தொங்கவிட்டார். வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது.

“குடல் வேலை செய்யல்ல தம்பி. குடுத்தாச் சத்தி எடுப்பா. அது நெஞ்சுக்குள்ள போனா அதோட சரி. உடம்புக்கு வேண்டிய தண்ணி இந்தக் குழாயால போகுது. அம்மாக்கு விளக்கமாச் சொல்லுங்க.”

நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பாடசாலைக்குப் போய்ப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றாள். நான் மட்டையைத் தமிழிலும் இங்கிலிசிலும் வாசித்துக் காட்டினேன். இங்கிலிசில் எதற்காக வாசித்தேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

“ஒரு சொட்டுமா குடுக்கப்படாது?” என்றார் அம்மா.

“ஒரு சொட்டும் ஏலா.”

அம்மா அந்த மட்டையைக் கோயில் படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அது அங்கே தொங்கியவரை என்னிடம் கேட்கவில்லை.

உள்ளே உறவுக்காரரை விடுவதில்லை என்பதுதான் ஒழுங்கு. ஆனால் பாதை அடிக்கடி பூட்டிக் கிடந்ததால் வேலைக்கு வரமுடியாதவர்கள் பலர். மிஸ்ஸி அம்மாவையும் என்னையும் மாறி மாறி விட்டார். கால் கழுவி, பச்சை அங்கி போட்டு, வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு உள்ளே போவோம். எனக்கு அவர் வேலையும் பழக்கினார். சிறுநீர்ப் பையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று மணிக்கு ஒருதடவை பார்த்துச் சொல்ல வேண்டும். நான் ஒரு கொப்பி வாங்கிக் கோடு போட்டு நேரத்தையும் அளவையும் எழுதத் தொடங்கினேன். மிஸ்ஸி பார்த்துவிட்டு, “பொடியன் நல்ல வேலைகாரன்” என்றார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அக்கா அப்படிக் கிடக்க எனக்குச் சந்தோசமாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

இரண்டாம் நாள் அவளுடைய முகம் வீங்கிக் கண்கள் மூடிக்கொண்டன. பகிடி நின்றது. ஓயாமல் தண்ணீர் கேட்கத் தொடங்கினாள்.

எரிந்தவர்களின் தாகத்தை நான் எப்படிச் சொல்வது? சித்திரை வெயிலில் களத்தில் நெற்சூடு அடித்துவிட்டு வருகிறவனுக்கு வருகிற தாகம் அல்ல அது. தோல் இல்லாத உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது, பாய் நனைகிறது, குழாயால் விடுவது காணாது என்று மிஸ்ஸி சொன்னார். அக்கா முதலில் கெஞ்சினாள். பிறகு ஏசினாள். கிணற்றுக்கட்டில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, வாளி ஏன் இன்னும் மேலே வரவில்லை என்று கேட்டாள். ஒருதடவை தெளிவாகச் சொன்னாள்.

“தம்பி, நீ பொறந்த நேரம் அம்மாக்குக் காய்ச்சல். உனக்கு நான்தான் கரண்டியால தண்ணி பருக்கினன். எனக்கு நாலு வயசு. உனக்கு நினைவிருக்கா?”

“பொறந்த புள்ளைக்கு எப்படியக்கா நினைவிருக்கும்?”

“அதானே. நன்றி கெட்டவன்.”

உதடு காய்ந்து வெடிக்காமல் இருக்க, பஞ்சை நனைத்துப் பிழிந்து ஒற்றலாம் என்று மிஸ்ஸி அனுமதித்திருந்தார். நான் ஒற்றினேன். அக்கா பஞ்சைப் பல்லால் கவ்விக்கொண்டு உறிஞ்சினாள். அதில் எவ்வளவு இருந்திருக்கும்? ஒரு துளி. நான் அவளுடைய தாடையைப் பிடித்து, பற்களுக்கிடையே விரலை விட்டு, அந்தப் பஞ்சை இழுத்து எடுத்தேன். அவள் விடவில்லை. நானும் விடவில்லை. என் விரலில் அவளுடைய பல் பட்ட தடம் மத்தியானம்வரை இருந்தது.

அத்தான் உள்ளே வரவில்லை. வெளிச்சுவர் ஓரமாகக் குந்தியிருந்தார். பொலிஸ்காரர் இருவர் வந்து அவரை விசாரித்தார்கள். எரிந்து வருகிற பெண்களின் புருசன்மாரை விசாரிப்பது வழக்கமாம். பிறகு அக்காவிடமும் கேட்டார்கள். “விளக்குத்தான். அவர விடுங்க, அவர் குளிச்சிட்டிருந்தவர்” என்றாள். அவர்கள் போன பிறகு அம்மாவிடம், “புள்ளைய இஞ்ச கொண்டுவராதீங்க. என்னக் கண்டாப் பயந்திரும்” என்றாள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகள். ஊரில் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தோம்.

மூன்றாம் நாள் காலையில் கொப்பியில் நான் எழுதிய எண்கள் சிறிதாகிக்கொண்டு வந்தன. பையில் இறங்கியது தேயிலைச் சாயம்போல இருந்தது, பிறகு அதுவும் இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்றுமே இறங்கவில்லை. நான் முதல் மணித்தியாலத்தில் மிஸ்ஸியிடம் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் ஏதாவது இறங்கும், அதை எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

பத்து மணி அளவில் டொக்டர் என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஆறேழு வயது கூட இருக்கலாம். மருந்துப் பெட்டிகள் அடுக்கிய ஒரு சின்ன அறை. எனக்கொரு முக்காலியைக் காட்டிவிட்டு அவர் நின்றார். பிறகு, நான் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருப்பதைக் கண்டு, பெட்டி ஒன்றின்மேல் அவரும் உட்கார்ந்தார்.

“தம்பி, நீர் படிச்சனீர் எண்டு மிஸ்ஸி சொன்னவ. அதாலதான் உம்மட்டைச் சொல்லுறன். அக்காவின்ர சிறுநீரகம் நிண்டுட்டுது. கொழும்புக்கு ஏத்திற வசதி இப்ப இல்லை. ஏத்தினாலும் பலன் இல்லை. உள்ளதைச் சொல்லுறன், வசதி இருந்திருந்தாலும் இவ்வளவு எரிஞ்சாப் பிறகு தப்பிறது கஷ்டம்.”

நான் தலையை ஆட்டினேன்.

“இனி நாங்கள் பாக்கிறது ஒண்டுதான். நோகக்கூடாது. ஊசி போடச் சொல்லியிருக்கிறன். இரத்தம் எடுக்கிறது, குத்திறது எல்லாம் நிப்பாட்டுறம். தண்ணி கேக்கிறா எல்லே? குடுங்கோ. இளநி, தேத்தண்ணி, எது கேட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்கோ. சத்தி எடுத்தாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு நீர்தான் சொல்ல வேணும். அவ தாய். அவவுக்குத் தெரிய வேணும். விளங்குதோ?”

“ஓம் டொக்டர்.”

எனக்கு விளங்கியது. ஒரு சொல்லும் தப்பவில்லை. இதை நான் அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் பிறகு மனதுக்குள் பல தடவை எனக்கு நானே விளங்கவில்லை என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய்.

நான் திரும்பி வந்தபோது மிஸ்ஸி தலைமாட்டு மட்டையைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார். அம்மா வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்து இல்லாமல் போவது உடனே கண்ணில் பட்டுவிடுகிறது.

“தம்பி, மட்டையக் கழட்டிட்டாங்க. குடுக்கலாமா?”

அந்த இடத்தில் நான் ஓம் என்று சொல்லியிருக்க வேண்டும். அம்மாவின் கையில் தம்ளர் இருந்தது. மூன்று நாளாக அதை அங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. ஓம் என்றால் அம்மா கேட்பார், ஏன் என்று. நான் சொல்ல வேண்டிவரும். சொன்னால் அது நடந்துவிடும்.

“அது வேற ஒரு ஆளுக்கு வேணுமாம். எடுத்துட்டுப் போறாங்க. சட்டம் அதுதான். குடுக்கப்படாது.”

அம்மா தம்ளரை உள்ளே வைத்துக்கொண்டார்.

என் மனதுக்குள் ஓடியதையும் சொல்கிறேன். டொக்டர் இளம் ஆள். கொழும்பில் பெரியவர்கள் பார்த்தால் வேறு சொல்வார்கள். முதல் நாள் எழுதித் தொங்கவிட்டதுதான் சரியான சட்டம், அதைக் கடைசிவரை கைவிடாமல் பிடித்தால் உடம்பு திரும்பும். எனக்குப் படிப்பு வந்தது அப்படித்தான். வாத்தியார் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினேன், புள்ளி போட்டார்கள், பாஸ் பண்ணினேன். சொன்னபடி செய்கிறவனுக்கு ஒரு பலன் இருக்கும் என்பதைத் தவிரப் பாடசாலை எனக்கு வேறு என்ன கற்றுத் தந்தது என்று தெரியவில்லை. வீட்டில் யாராவது ஒருவர் எனக்கு முன்னால் படித்திருந்தால், படித்தவனுக்கும் பயம் வரும், பயத்தில் பொய் சொல்வான் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

நோவுக்குப் போட்ட ஊசியில் அக்கா அதிகம் தூங்கினாள். விழிக்கிற நேரத்தில் கேட்டாள். நான் பஞ்சால் ஒற்றினேன். பிழிந்துதான் ஒற்றினேன்.

எதிர்க் கட்டிலில் ஒரு இளைஞன், தலையில் காயம், வந்த நாளிலிருந்து கண் திறக்கவில்லை. அவனுடைய மூத்தவர் காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருக்கிறவர். வெளியே விறாந்தையில் எங்களோடுதான் இருப்பார். அந்தக் காலத்தில் முஸ்லிம்களும் நாங்களும் ஒருவரை ஒருவர் நம்பாமல் போயிருந்தோம். ஆனால் அந்த விறாந்தையில் உட்கார ஒரே வாங்குதான் இருந்தது. அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானும் அவரைக் காக்கா என்று கூப்பிட்டேன். கொப்பியோடு நான் இருப்பதைப் பார்த்து முதல் நாளே கேட்டார்.

“என்ன தம்பி, சோதினைக்குப் படிக்கிறயளா?”

நான் விசயத்தைச் சொன்னேன்.

“அல்லாட காவல். மூத்திரத்துக்கும் கணக்கா? அப்ப எண்ட தம்பிட பக்கத்தையும் எழுதிருங்க. அவன் படிக்கிற காலத்தில ஒரு சோதினையும் பாஸ் பண்ணல்ல. இதிலயாவது பண்ணட்டும்.”

அம்மாகூட அன்று சிரித்தார்.

நான்காம் நாள் காலையில் அவர் ஒரு சின்னப் போத்தலோடு வந்தார். அவருடைய மச்சான் மக்கத்துக்குப் போனபோது கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணீர். மிஸ்ஸியிடம் கேட்டுவிட்டு உள்ளே போய், தேத்தண்ணிக் கரண்டியால் தம்பியின் உதட்டில் இரண்டு சொட்டு விட்டார். ஏதோ ஓதினார். அக்காவின் கட்டிலருகே நின்ற அம்மா இதை வலையூடாகப் பார்த்திருக்கிறார். வெளியே வந்து என் கையைப் பிடித்தார்.

“அந்தப் புள்ளைக்குக் குடுக்காங்க. மிஸ்ஸி பாத்துட்டுத்தான் நிக்கிறா. நம்மட புள்ளைக்கு ஏன் குடுக்கப்படாது?”

“அது வேற வருத்தம் அம்மா. இது வேற.”

“தண்ணி ஒண்டுதானே மனே?”

காக்கா போத்தலோடு எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். “உம்மா, ஒங்கட புள்ளைக்கும் ரெண்டு சொட்டு வைக்கட்டா? இது குடிச்சா ஒண்டும் செய்யாது.”

அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

“வேணா காக்கா. அக்காக்கு வாயால குடுக்க ஏலா. டொக்டர் சொல்லியிரிக்கார்.”

“அந்த மட்டையத்தான் கழட்டிட்டாங்களே தம்பி.”

நான் கொப்பியைப் புரட்டினேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கடையில் துணியை விரித்துக் காட்டும்போதே வாங்கமாட்டான் என்று தெரிந்துபோகிற ஆட்களைப் பார்க்கிற பார்வை. பிறகு போத்தலின் மூடியைத் திருகினார்.

“நீங்க படிச்ச ஆள். ஒங்களுக்குத் தெரியும்.”

அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

அன்று பின்னேரம் அக்காவிடம் நான் இருந்த நேரம் அவள் விழித்தாள். குரல் மிகவும் அடங்கியிருந்தது. காதை வலையில் ஒட்டிக்கொண்டு கேட்டேன்.

“தம்பி, தண்ணி குடிச்சா நான் செத்திருவனா?”

“ஓம் அக்கா. குடிக்காம இருந்தா சுகம் வரும்.”

“எத்தின நாளைக்கு?”

“இன்னும் கொஞ்ச நாள்.”

“சரி, நீ சொன்னாச் சரி.”

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. உள்ளே போன நேரத்தில் அம்மா பொறுக்காமல், “புள்ளே, ஒரு வாய் தரட்டா? தம்பிக்குச் சொல்லாம?” என்று கேட்டிருக்கிறார். அக்கா, “வேணாம்மா. அவன் சொல்லுறதக் கேளுங்க. எண்ட புள்ளைய நான் பாக்கணும்” என்றாளாம். அம்மா இதை என்னிடம் வந்து, நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார். “இப்பக் கேக்கிறாளில்ல மனே. தாகம் அடங்கிட்டு.”

நான் விறாந்தையின் கடைசிக்குப் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினேன். வாய் கொப்பளித்தேன். பிறகு, எனக்குத் தாகமாக இருந்தது, குடித்தேன். நிறையக் குடித்தேன்.

ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணி இருக்கும். ஒருவர்தான் போகலாம் என்ற ஒழுங்கை மிஸ்ஸி அன்று தானாகவே விட்டுவிட்டு எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். அக்காவின் மூச்சு விட்டு விட்டு வந்தது. நாக்கு கறுத்து, மரப்பட்டைபோல ஆகியிருந்தது. மிஸ்ஸி ஒரு பஞ்சால் உதட்டைத் துடைத்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டார்.

“இரவு என்ன குடிச்சவ அம்மா? இளநி குடுத்தீங்களா?”

அம்மாவுக்கு விளங்கவில்லை. “இளநியா? ஒண்டும் குடுக்கல்லயே.”

“முந்தநாள் டொக்டர் குடுக்கச் சொன்னவர் தானே? தம்பிட்டச் சொன்னவர். நாக்க இப்படிக் காயவிட்டு வச்சிரிக்கீங்களே.” அவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி?”

நான் கட்டிலின் இரும்புக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் குரலை உயர்த்தவில்லை. மிஸ்ஸி மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் போய், ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் கரண்டியும் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தார். வலையைத் தூக்கிப் பிடித்தார்.

அம்மா கரண்டியை அக்காவின் உதட்டில் வைத்தார். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

“குடி புள்ளே. தண்ணி.”

அக்கா தலையை அசைத்தாள். அசைக்க இடமில்லாத தலை அது. “வேணாம். தம்பி ஏசுவான்.”

அம்மா கரண்டியை என்னிடம் நீட்டினார். என்னைப் பார்க்கவில்லை. கை மட்டும் நீண்டது.

நான் வாங்கினேன். “அக்கா, நான்தான். குடிக்கலாம். டொக்டர் சொல்லிட்டார். குடி.”

“நீதானா?”

“நான்தான்.”

“அப்ப எனக்குச் சுகமா?”

“ஓம்” என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள். முதல் கரண்டி உள்ளே போனது. தொண்டை அசையவில்லை. கொஞ்ச நேரம் வாய்க்குள் அப்படியே நின்று, கடைவாயால் வழிந்து களிம்பில் இறங்கியது. இரண்டாவது கரண்டியும் அப்படித்தான். மூன்றாவதில் ஏதோ ஒன்று இறங்கியதுபோல எனக்குத் தெரிந்தது. மிஸ்ஸியிடம், “ஒரு மிடறு போச்சுதா மிஸ்ஸி?” என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்து, “போதும் தம்பி, நாக்க மட்டும் நனைங்க” என்றார். நனைத்தேன். பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மூச்சு நின்றது.

சவப்பெட்டியை மூடி ஆணி அடித்துத்தான் தந்தார்கள். அத்தான் பெட்டியின் ஒரு பக்கத்தில், அம்மா மறுபக்கத்தில், நான் கால்மாட்டில் இருந்து பாலத்தைத் தாண்டி வந்தோம். வழி முழுக்க அம்மா என்னோடு கதைக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுக்கு வருகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், தாயைக் கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் கேட்கிற ஒரு கேள்வி இருக்கிறது. போகும்போது வாயில் ஏதாவது பருக்கினீர்களா என்பார்கள். பருக்கினோம் என்றால் ஆறுதலாகத் தலையாட்டுவார்கள். இல்லையென்றால் ஆத்துமா அலையும் என்று முணுமுணுப்பார்கள். முதலில் வந்தவர் பெரியம்மா. அக்காவின் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

“என்ன தங்கச்சி, கடைசியா ஒரு வாய்த் தண்ணியாவது குடுத்தீங்களா?”

நான் முற்றத்தில் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன்.

“ஓம் அக்கா” என்றார் அம்மா. “தம்பி பருக்கினவன். அவன்ட கையாலதான் குடிச்சவ.”

பிறகு வந்த சித்திக்கும் அதையே சொன்னார். அத்தானின் தாய்க்குச் சொன்னார். அயலவர்களுக்குச் சொன்னார். அன்று முழுக்க, கேட்ட ஒவ்வொருவருக்கும், அதே சொற்களை அதே குரலில், நான் கேட்கக்கூடிய தூரத்தில் இருந்து சொன்னார். அவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து என் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள்.